முப்பத்தொன்றாம் குடுவை

பதினைந்து நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் இருக்கக் கூடாது என்று பொதுக் குளியலறையின் சுவர்ப் பலகையில் எழுதியிருந்தது. அந்தச் சீன எழுத்துகளைக் கூட்டிப் படிக்க மருதாசலத்துக்கு இரண்டு வருடம் பிடித்தது. படித்ததைக் காற்றில் விட ஒரு வாரம் போதுமாயிருந்தது. இன்று மட்டும் பலகைக்குக் கட்டுப்படுவது என்று முடிவு செய்திருந்தான். கடிகாரத்தில் நான்கு பத்து. நான்கு இருபத்தைந்துக்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும், சொன்ன பிறகு அந்த மனிதரின் பக்கத்தில் அம்மணமாக உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது. அந்த மனிதர், பேராசிரியர் ஹுவாங், ஒரு முழம் தள்ளி, மார்பு வரை நீரில் இறங்கி, நாலாய் மடித்த துண்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஆறு வருடமாக அவரிடம்தான் வேலை. எரிமலை விடுகிற மூச்சைக் குடுவையில் பிடித்து, அதில் என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வேலை. அவரை லாவ்ஷி என்றுதான் கூப்பிட வேண்டும், வாத்தியார் என்று பொருள். லாவ்ஷி, நம் கட்டுரையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. நடந்துவிட்டது என்பது சரியில்லை, அது என்ன தானாகவா நடந்து வந்தது. லாவ்ஷி, நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். தப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வார்த்தை இருக்கிறது, அதில் ஒன்று, எரர் என்பது, ரொம்பக் கௌரவமானது, எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு எழுதுகிற பிழை, அது இல்லாத கட்டுரையை எவனும் மதிக்க மாட்டான். அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டிவிடுவார். அசிங்கமான வார்த்தையைத்தான், மிஸ்டேக் என்பதைத்தான், சொல்ல வேண்டும். காலையில் மேலே மலையில், ஆவி பீறிடுகிற வாயருகில் குந்தியிருந்தபோது அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தான். முகமூடிக்குள் சொன்னதால் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தைவானின் வடக்கு ஓரத்தில் இருபது சொச்சம் குன்றுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற எரிமலைக் கூட்டம் அது. தூங்குகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். தூங்குகிறதாம். பகலும் இரவும் நூறு இடத்தில் உஸ் உஸ்ஸென்று ஆவியைப் பீய்ச்சிக்கொண்டு, பாறையில் மஞ்சளாகக் கந்தகத்தைக் கக்கிக்கொண்டு, கால் வைத்த இடத்தில் தரை கொதித்துக்கொண்டு இருக்கிற ஒன்று தூங்குகிறது என்றால், அவனும்தான் இந்த ஒன்பது நாளாய்த் தூங்கினான். ஒன்பது நாளாய் நாக்கில் ருசி இல்லை. மலைக்குப் போய்வந்தால் எப்படியும் ஒரு நாளைக்கு மூக்கில் அழுகின முட்டை நாற்றம் தவிர வேறொன்றும் ஏறாது, சட்டையை மூன்று தண்ணீரில் அலசினாலும் போகாது. சுகந்தி இங்கே இருந்த ஒன்றரை வருடமும் அவன் துணியைத் தனியாகத்தான் துவைத்தாள். சமையலறைச் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, மழைச் சாரல் உள்ளே அடித்தாலும் பரவாயில்லை என்று நிற்பாள். கைக்குழந்தை அவனிடம் வந்ததும் மூக்கைச் சுளித்து அழுததைக் கூட அவள் தப்பாகச் சொல்லவில்லை, பாப்பாவுக்கு அப்பா வாசம் பழகலை, அவ்வளவுதானுங்க என்றாள். பிறகு கோபிச்செட்டிப்பாளையத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள், மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்று. இந்த ஊரில் மழைக்காலம் எங்கே முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள், கோபம் இல்லாமல், விலைவாசி கேட்பவளின் குரலில்: "ஏனுங்க, உங்க மலை என்னைக்குத்தானுங்க வெடிக்கும்? அது வெடிச்சாத்தான் நீங்க வூட்டுக்கு வருவீங்களாட்ட இருக்குது." அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு பேரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார்கள்.

நான்கு பன்னிரண்டு. இந்தத் தொட்டிக்கு முதல்முதல் அவனைக் கூட்டிக்கொண்டு வந்ததும் ஹுவாங்தான். மலையடிவாரத்தில் நாலு சுவரும் தகரக் கூரையும், உள்ளே கல் பாவிய தொட்டி, மேலேயிருந்து குழாயில் வந்து விழுகிற பால் கலந்த மாதிரி வெந்நீர். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். துணி கூடாது, ஒரு நூல் கூடாது, வாசலிலேயே குந்தி சோப்புப் போட்டு மேலுக்கு ஊற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். கூடப் படித்தவர்கள் முன்னால்கூட வேட்டியை மாற்றுவதற்குப் பல்லில் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றவன் அவன். முதல் நாள் கூச்சத்தில் அவன் செய்த கூத்தைப் பார்த்துக் கிழவர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். திரும்பியவர்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள், காரணம் இடுப்பில் வெள்ளி அரைஞாண். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. நகையைக் கழற்றிவிட்டு இறங்கவும் என்று பலகை போட்டிருந்தது. அரைஞாணைக் கழற்றுவதாவது, அது இல்லாத இடுப்பு பிணத்தின் இடுப்பு என்று ஊரில் வளர்ந்தவன் கழற்றுவானா. கந்தகத் தண்ணீரில் வெள்ளி கறுத்துப் போகும் என்று முதல் வருட வேதியியல் மாணவனுக்குத் தெரியும், வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவனுக்கும் தெரியும், தெரிந்தே இறங்கினான். பத்து நிமிடத்தில் கரிக்கட்டையாகிவிட்டது. ஹுவாங் அதைப் பார்த்துக் குழந்தையாட்டம் சந்தோஷப்பட்டார். ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொன்னார், பல லட்சம் போட்டு வாங்கிய கருவியை விட நம் இந்தியரின் இடுப்பு துல்லியம் என்று. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், அன்றிலிருந்து அவனுக்கு அவர்மேல் ஒரு பிடிப்பு. அதை எண்ணிப் பார்க்கையில் இப்போது வெட்கமாக இருந்தது. மேலதிகாரி தன் இடுப்பைப் பார்த்துச் சிரித்ததற்கு இத்தனை வருடமாய் நன்றி பாராட்டிக்கொண்டிருப்பவன் என்ன மாதிரி ஆள்.

சொல்ல வேண்டியது ஒன்றும் கஷ்டமானதில்லை, ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். இந்த நாட்டில் மாதத்தை முன்னால் எழுதி நாளைப் பின்னால் எழுதுவார்கள். நம் ஊரில் நாள் முன்னால், மாதம் பின்னால். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஹுவாங் அதைச் சொல்லிக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார், அவனும் நாலு வருடம் ஒழுங்காக எழுதினான். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஏப்ரலில், ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்தான். பாப்பாவை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும், கோபியில் ஒன்று, ஈரோட்டில் இரண்டு, கோயம்புத்தூரில் ஒன்று என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக விண்ணப்பம் நிரப்பினான், ஒவ்வொரு கட்டத்திலும் பிறந்த தேதி, இன்றைய தேதி, நாள் மாதம் வருடம், நாள் மாதம் வருடம். அவன் விமானம் ஏறி வந்துவிட்டான், கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கோடை முழுக்க ஆவி வாயில் பிடித்த குடுவைகளில் நம் ஊர் வழக்கப்படி தேதி எழுதி ஒட்டினான். இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினேழு என்று வந்த தேதிகளைப் பார்த்ததும் ஆய்வகப் பெண் சிரித்துக்கொண்டே மாற்றிப் பதிந்திருக்கிறாள், பதினேழாம் மாதம் என்று ஒன்று கிடையாதே. இரண்டே இரண்டு குடுவைதான் அவளை ஏமாற்றின. மே எட்டாம் தேதி பிடித்ததில் எட்டு ஐந்து என்று எழுதியிருந்தான், அவள் அதை ஆகஸ்டு ஐந்து என்று வைத்தாள். ஆகஸ்டு ஐந்தாம் தேதி பிடித்தது ஐந்து எட்டு, அது மே எட்டாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். மே மாதம் மலை கொஞ்சம் வேகமாக மூச்சுவிட்டு, ஆகஸ்டில் அடங்கிவிட்டது. காகிதத்தில் அது மே மாதம் அடங்கியிருந்து ஆகஸ்டில் வேகமெடுத்ததாக ஆயிற்று. அந்த ஆகஸ்டு இருபதாம் தேதி மலைக்கடியில் சின்னச் சின்னதாக நூறு நிலநடுக்கம். இரண்டு வாரத்துக்கு முன்பே வாயு சொல்லிவிட்டது பாருங்கள் என்று கட்டுரை எழுதினார்கள். உலகம் பூராவும் படித்தார்கள். தூங்கும் மலை கண்ணைத் திறக்கிறது என்று தொலைக்காட்சியில் இசையெல்லாம் போட்டுக் காட்டினார்கள், அதில் முகமூடியோடு குடுவையைத் தூக்கிப் பிடித்தபடி அவன். மாமனார் அந்தப் படத்தை உறவுமுறை முழுக்க அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று முதல்முறையாக அவருக்கே பிடிபட்டதாம், சுகந்தி சொன்னாள்.

மேலேயிருந்து குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் காதுக்குள் அடைத்தது. நான்கு பதினைந்து. நெஞ்சு அடிக்கிறது, சூட்டினால் அடிக்கிறதா பயத்தினால் அடிக்கிறதா. பயம் என்றால் எதற்குப் பயம், அவர் அடிக்கப் போகிறாரா. அடித்தால் நன்றாயிருக்கும். பத்தாம் வகுப்பில் பழனியப்பன் வாத்தியார் காதைத் திருகிப் பெஞ்சுமேல் நிற்கவைப்பார், நின்று முடித்துக் கீழே இறங்கினால் மனசு பஞ்சாகியிருக்கும், அதற்கப்புறம் அந்தக் குற்றம் நமக்குச் சொந்தமில்லை, வாத்தியார் வாங்கிக்கொண்டுவிட்டார். அந்த மாதிரி யாராவது வாங்கிக்கொண்டால் போதும். ஒன்பது நாளாக அதை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறான். அவனாகத் தேடிக்கூடப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கணினி வழியாக நேர்காணல் இருக்கிறது, ஊர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை, வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும், அவனுக்கு முப்பத்தொன்பது முடிந்து ஏழு மாதம். உங்கள் எச்சரிக்கைக் கட்டுரையைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறோம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதற்குப் படம் போட்டுக் காட்டப் பழைய களக் குறிப்பேட்டை எடுத்தான். குடுவைகளின் அடியில் கண்ணாடியிலேயே எண் செதுக்கியிருக்கும், அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவது அவன் பழக்கம். ஆகஸ்டு ஐந்து, திங்கட்கிழமை, குடுவை முப்பத்தொன்று, மழை, முழங்கால் வலி. கணினியில் முப்பத்தொன்றாம் குடுவைக்கு எதிரே மே எட்டு. ஒரு நிமிடம் ஆய்வகப் பெண்மேல்தான் கோபம் வந்தது, கழுதை, சரியாகப் பார்க்க மாட்டாளா. குடுவையைத் தேடி எடுத்து ஒட்டுத்தாளைப் பார்த்தான், அவன் கையெழுத்துத்தான், எட்டைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகின மாதிரி கீழிருந்து சுழித்த எட்டு. அன்றைக்கு மத்தியானம் சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து போய்க் கை கழுவினான்.

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன. ஒன்பது நாளும் இந்த இடத்தில்தான் வந்து வந்து முட்டிக்கொண்டு நிற்கிறான். மலை வெடிக்காது என்றா கட்டுரையைத் திருத்தி எழுதப் போகிறான், வெடித்தாலும் வெடிக்கும், இன்றைக்கில்லாவிட்டால் ஆயிரம் வருடம் கழித்து. எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே. செவ்வாய்க்கிழமை நேர்காணலில் நன்றாகப் பேசினால் ஜூலையில் ஊர். பாப்பாவை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடலாம், அவள் மூக்கைச் சுளிக்க மாட்டாள், சட்டையில் சோப்பு வாசம்தான் அடிக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம். இப்படி நினைத்து அரை நாள் நிம்மதியாக இருந்தான், சாப்பிட்டான், ஒரு படம்கூடப் பார்த்தான். அப்புறம் போன வியாழக்கிழமை இந்தக் குளியலறை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆவி வாய்களிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பொதுக் குளியலறைகள் எல்லாம் மூடப்படும். அறிவியல் ஆய்வின் அடிப்படையில் என்று போட்டிருந்தது. அந்த ஆய்வு எது என்று கேட்டு யாரும் திண்டாட வேண்டியதில்லை. இன்று கடைசி நாள். ஹுவாங்தான் காலையில் மலையேறும்போதே சொன்னார், இறங்கும்போது கடைசியாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாம் என்று, கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுகிற குரலில்.

எதிர்ப் பக்கம் கல்லில் சாய்ந்து வூ உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஐந்து வருடம் முன்னால் வாதம் அடித்து இடது கை மடங்கிப் போயிற்று, விரல்கள் உள்ளங்கைக்குள் புகுந்து திறக்காது. தினமும் மூன்றரை மணிக்கு வருவார், அரை மணி கையை வெந்நீரில் ஊறவைப்பார், பிறகு வலது கையால் இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். சுண்டுவிரல் முதலில், பெருவிரல் கடைசியில். ஐந்தும் விரிந்ததும் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டுவார், காலையில் கடை திறந்த மாதிரி ஒரு முகம் இருக்கும் அவருக்கு. பிறகு அந்தக் கையாலேயே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் மறுபடி மூடியிருக்கும். மருத்துவமனையில் செய்து பார்த்தார்கள், வீட்டில் வாளியில் வெந்நீர் வைத்துப் பார்த்தார்கள், திறப்பது இந்தத் தண்ணீரில்தான் என்று வூ சொல்கிறார். உண்மையா பொய்யா, மருதாசலம் அறிவியல்காரன், வெந்நீர் எல்லாம் வெந்நீர்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் விரல் இங்கேதானே திறக்கிறது, ஐந்து வருடமாகக் கண்ணால் பார்க்கிறான். இன்றும் சுண்டுவிரலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மோதிர விரலுக்கு வந்துவிட்டார். நாளைக்கு எங்கே போய்ப் பிரிப்பார். இவர்தான் அந்த நஷ்டக்காரர், யாருக்கு நஷ்டம் என்று கேட்டாயே, பார், இவருக்கு. ஒரு தேதியைப் புரட்டி எழுதி ஒரு கிழவரின் கையை மூடிவிட்டாய். மூடியது பெரிய காரியமில்லை, தப்பு யாருக்கும் வரும். தெரிந்த பிறகும் ஒன்பது நாள் சும்மா இருந்தாயே. அறிவிப்பு ஒட்டியது ஆறாவது நாள், முதல் நாளே சொல்லியிருந்தால் ஒட்டியிருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு மட்டும் உனக்கு நன்றாக வருகிறது.

நான்கு இருபது. லாவ்ஷி, என்றான். வாய் காய்ந்திருந்தது, தண்ணீருக்குள் இருந்துகொண்டே. ஹுவாங் ம்ம் என்றார். தண்ணீர் இன்று நாற்பத்து மூன்று இருக்குமா என்று கேட்டான். அடச் சீ. நாற்பத்து நான்கு என்றார் அவர். வாத்தியார் அவர், தோலாலேயே அளப்பார். இன்னும் ஐந்து நிமிடம். சுகந்தியிடம் என்ன சொல்வது. சொன்னால் அவள் திட்ட மாட்டாள், அதுதான் பயம். சரிங்க, விடுங்க என்பாள். அவளுடைய சரிங்க எத்தனை வகை என்று அவனுக்குத் தெரியும், இங்கே வருவதற்காக டீச்சர் வேலையை விட்டபோது ஒன்று, திரும்பிப் போகும்போது ஒன்று, இது கடைசியாக இருக்கும். மாமனார் அந்தப் படத்தை அனுப்பிய எல்லோருக்கும் என்ன சொல்வார். ஒன்றும் சொல்ல மாட்டார், கோபியில் யார் போய் அறிவியல் சஞ்சிகையின் திருத்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறார்கள். ஊருக்கு வரவில்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது, வெளிநாட்டில் எவளையாவது வைத்திருப்பான் என்று பேசிக்கொள்வார்கள். தலைக்குள் ரத்தம் திம் திம்மென்று மோதியது. இப்போது சொல்லாவிட்டால் உடை மாற்றிக்கொள்வார்கள், சட்டை போட்ட ஹுவாங்கிடம் அவனால் சொல்லவே முடியாது, சட்டைப்பையில் பேனா செருகிவிட்டால் அவர் வேறு ஆள். வூ நடுவிரலைப் பிரித்துவிட்டார். மருதாசலம் அந்த விரலையே பார்த்தபடி, ஆங்கிலத்தில், அசிங்கமான அந்த வார்த்தையைப் போட்டே சொல்லிவிட்டான். மே எட்டும் ஆகஸ்டு ஐந்தும் இடம் மாறிவிட்டன, நான் தேதியை எங்கள் ஊர் முறையில் எழுதிவிட்டேன், வாயு முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை, கட்டுரை முழுக்கத் தப்பு. மூச்சுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் பழனியப்பன் வாத்தியார் காதைப் பிடிக்கக் காத்திருக்கிற பையனின் கழுத்து மாதிரி அவன் கழுத்து தானாகவே குனிந்துகொண்டது.

ஹுவாங் கண்ணைத் திறக்கவில்லை. தலைமேலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

"முப்பத்தொன்றாம் குடுவை," என்றார்.

மருதாசலம் குடுவை எண்ணைச் சொல்லவே இல்லை. ஒரு கணம் தான்தான் சொன்னோமோ என்று தேடிப் பார்த்தான். இல்லை, சொல்லவில்லை.

"கட்டுரையை அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பார்த்தேன்," என்றார் ஹுவாங், அதே அமைதியான ஆங்கிலத்தில், மாணவனுக்குச் சந்தேகம் தீர்க்கிற குரலில். "உன் எட்டு எனக்குத் தெரியும். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். எனக்கு ஜூலையில் ஓய்வு. முப்பது வருடமாக இந்த மலையைப் பற்றிச் சொல்கிறேன், யாரும் திரும்பிப் பார்த்ததில்லை."

அவன் ஏன் என்று கேட்டான். நம்முடைய பெயர் இரண்டும் அதில் இருக்கிறதே லாவ்ஷி, இது வெளியே தெரிந்தால் உங்களுக்கும்தானே என்றான். பதிலைக் கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டது. கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. முப்பது வருட வேலை அவருடையது, கருவி அவருடையது, மலை அவருடைய மலை, ஆனாலும் பெருந்தன்மையாக அவனை முதலில் போட்டார். அந்த மின்னஞ்சலைப் பார்த்த அன்று அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அலுவலகத்தில் அழுதான், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மைசூர்பாகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகக் கொடுத்தான், அவருக்கு இரண்டு துண்டு. அவர் அதைக் கைக்குட்டையில் வைத்துச் சாப்பிட்டார்.

"ஏதாவது பிழை இருந்தால் திருத்தம் அனுப்ப வேண்டியவர் முதல் பெயர்க்காரர்தான்," என்றார் ஹுவாங். "அதனால்தான் உன் பெயரை முதலில் வைத்தேன். அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். நான் தடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார், கனிவாகத்தான் பார்த்தார், அதுதான் தாங்கவில்லை. தண்ணீர் நாற்பத்து நான்கு டிகிரி, மருதாசலத்தின் முதுகு சில்லிட்டுப் போயிற்று. ஒன்பது நாளாக யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று தூக்கித் திரிந்ததை, ஒரு வருடத்துக்கு மேலாக எடுத்து வைத்திருந்த மனிதர் இதோ இன்னும் கொஞ்சம் சேர்த்து அவன் மடியிலேயே கட்டிவிட்டார். திட்டு இல்லை, தண்டனை இல்லை, பெஞ்சு இல்லை. உன் இஷ்டம். அவனுக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம், இந்த வெறி எதற்கு, அவர் செய்ததைத்தானே நீயும் ஒன்பது நாள் செய்தாய் என்று உள்ளே ஒன்று கேட்டது. அவர் ஒரு வருடம், நீ ஒன்பது நாள். செவ்வாய்க்கிழமை தாண்டிவிட்டால் பத்து, பதினைந்து, ஒரு வருடம். பிறகு நீயும் ஒருநாள் எவனாவது ஒருவன் பெயரை முதலில் போடுவாய்.

இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதையும் மருதாசலத்தின் முகம் போன போக்கையும் வூ கவனித்துக்கொண்டிருந்தார். இந்தியப் பையன் என்ன சொல்கிறான் என்று ஹுவாங்கிடம் கேட்டார். அவர் பதில் சொன்னது மருதாசலத்துக்கு நன்றாகவே புரிந்தது, ஆறு வருடத்துச் சீனம் அந்த அளவுக்குப் போதும். தன் ஆராய்ச்சியால் இந்தக் குளியலறையை மூட வேண்டியதாகிவிட்டதே என்று அவனுக்கு ரொம்ப மனக்கஷ்டம் என்றார் ஹுவாங். நிதானமாக, இரக்கத்தோடு சொன்னார். மூலையிலிருந்த இரண்டு கிழவர்கள் அடடா என்று தலையசைத்தார்கள். வூ எழுந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார், வந்து பிரித்து முடிக்காத இடது கையை மருதாசலத்தின் தோளில் வைத்தார். மூன்று விரல் விரிந்திருந்தது, இரண்டு மடங்கியிருந்தது, கை சுட்டது.

"தம்பி, அதுக்கெல்லாம் வருத்தப்படாதே. நீ சொல்லலேன்னா நாங்க எல்லாரும் ஒரு நாள் இதுக்குள்ளேயே வெந்து போயிருப்போம். எனக்குக் கைதானே போகுது, போகட்டும். உசிரு மிச்சம், உன்னாலே."

தப்பு என்பதற்குச் சீனத்தில் ஒரே வார்த்தைதான். ஒன்றாம் வகுப்பு வார்த்தை. மாதம், நாள், முன்னால், பின்னால், எல்லாமே ஒன்றாம் வகுப்புதான், இலக்கணமே வேண்டாம், அடுக்கி வைத்தால் போதும், வூவுக்குப் புரிந்துவிடும். நாளைக்குக் காலையில் வூ போய் அந்த அறிவிப்பைக் கிழித்துவிட்டு மறுபடி வந்து உட்காரலாம். ஹுவாங் மறுபடி கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். மருதாசலம் வாயைத் திறந்தான். அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது, அதற்குப் பின்னால் செவ்வாய்க்கிழமை நின்றது, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கிற பாப்பா, சரிங்க என்று சொல்லாத சுகந்தி. வூ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஷியே ஷியே," என்றான். நன்றி.

உச்சரிப்பு ரொம்பச் சுத்தமாக வந்துவிட்டதே, இங்கேயே பிறந்தவன் மாதிரி பேசுகிறானே என்று வூ மற்றவர்களிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.